லிஃப்டுக்குள் ஒரு பூட்டு

பூட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், தில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் பங்கு வாங்கி ஃபிளாட்டில் குடியேறிய நம்மவர்களிடையே அது நன்றாகச் செழித்து வளர்கிறது. இவர்கள் திருடனுக்குப் பயப்படுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருடன் வந்தால் பூட்டை உடைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பது இவர்களுக்கும் தெரியும். இவர்கள் பயப்படுவது உபயோகிக்கிறவனுக்கு. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே ஒருவன் அதை எடுத்து உபயோகித்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், அன்றைக்கு இவர்களுக்குச் சோறு இறங்காது.

நீங்களும் இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். டெலிபோன் இருக்கும்; அதன் எண் வட்டத்தில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு தொங்கும். டெலிவிஷன் இருக்கும்; அதற்கு மரக்கதவு போட்டு, கதவுக்குப் பூட்டுப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் ஆரம்பிக்கும்போது திறந்து, முடிந்ததும் பெயர்கள் ஓடி முடிவதற்குள் சாத்திவிடுவார்கள். ஃபிரிட்ஜுக்குக் கம்பெனிக்காரனே பூட்டு வைத்துக் கொடுத்திருப்பான். அந்தப் பூட்டுக்காகவே அந்தக் கம்பெனியின் ஃபிரிட்ஜை வாங்கியிருப்பார்கள். தாகமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் வீட்டுக்காரர் சட்டைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்த பிறகு உங்களுக்குத் தாகம் இருக்காது.

மயூர் விஹாரில் ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்த கஸ்தூரிரங்கன் இந்த இனத்தின் மணிமுடி. ஓர் அமைச்சகத்தில் காலமெல்லாம் ஸ்டேஷனரி அலமாரிக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று அலமாரியைத் திறந்து பார்த்தபோது, பல வருஷங்களுக்கு முன் வாங்கிய பென்சில்கள் எல்லாம் சீவப்படாமல் அப்படியே இருந்தன என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். அந்த ஆபீஸில் இத்தனை வருஷமும் எதைக்கொண்டு எழுதினார்கள் என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. அவர் பூணூலில் ஓர் ஊக்கு. ஊக்கில் ஒரு சாவிக்கொத்து. மாடிப்படியில் அவர் வருவதை அந்தக் கொத்து முன்கூட்டியே அறிவித்துவிடும். குழந்தைகள் அந்தச் சத்தம் கேட்டதும் பந்தை ஒளித்துவைத்துக்கொள்வார்கள்.

சங்கத்தின் பொதுச் சொத்து அத்தனையும் அவருடைய காவலில் பத்திரமாக இருந்தது. தீப்பிடித்தால் அணைக்க வைத்த மணல் வாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டுப் பூட்டப்பட்டிருந்தன. மொட்டை மாடிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. காற்று வாங்குகிறேன் என்று போய் யாராவது வடாம் காயப்போட்டுவிடுவார்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும். "மிஸ்யூஸ் பண்றா." யார் பண்ணினார்கள், எப்போது பண்ணினார்கள் என்று கேட்கக்கூடாது. மிஸ்யூஸ் பண்ணுகிறவர்கள் எப்போதும் நாம் அந்தப் பக்கம் திரும்பினதும் பண்ணுகிறவர்கள்தான்.

ஆனால் அவருடைய திறமை முழுவதும் வெளிப்பட்டது லிஃப்டில்.

தானாகவே மூடித் திறக்கும் இரும்புக் கதவு வைத்த புதுமாதிரி லிஃப்ட் அது. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட் மாதிரி இடுக்கு வழியாகக் கத்திக் கூப்பிட முடியாது. ஆகவே, உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே இருப்பவரைக் கூப்பிட ஒரு வழி இருக்கவேண்டும் என்று பாதுகாப்பு விதி சொல்லுகிறது. கம்பெனிக்காரர்களும் ஒரு சிவப்புப் பொத்தானும் மணியும், பேட்டரியில் ஓடும் ஒரு டெலிபோனும் வைத்துக் கொடுத்தார்கள். பொத்தானை முதல் வாரமே குழந்தைகள் அழுத்திப் பார்த்தன. கஸ்தூரிரங்கனின் மத்தியானத் தூக்கம் கலைந்தது. மறுநாள் மணியின் கம்பி வெட்டப்பட்டது. மிச்சம் இருந்த டெலிபோனுக்கு அவர் தச்சனைக் கூப்பிட்டுத் தேக்குமரப் பெட்டி ஒன்று செய்து, லிஃப்டுக்குள்ளேயே சுவரில் அடித்து, பூட்டுப் போட்டார்.

அதோடு விட்டாரா? அந்த டெலிபோனின் மறுமுனை வாசல் காவலுக்கு இருந்த சௌகிதார் தன்சிங்கின் கூண்டில் இருந்தது. அதையும் அங்கிருந்து பிடுங்கி, கீழ்த்தளத்தில் லிஃப்டை ஒட்டியிருந்த சங்கத்தின் ஆபீஸ் அறைக்குள் வைத்து, அந்த அறையையும் பூட்டினார். தன்சிங் அதில் ஊருக்குப் பேசிவிடுவானாம். அது லிஃப்டைத் தவிர வேறு எங்கும் போகாத கம்பி என்று ஒருவர் எடுத்துச் சொன்னபோது, இன்றைக்கு லிஃப்டோடு பேசுகிறவன் நாளைக்கு யாரோடு பேசுவான் என்று சொல்ல முடியுமா என்று திருப்பிக் கேட்டார். தன்சிங்குக்கு இரண்டு உத்தரவுகள் பிறந்தன. ஆபீஸ் டெலிபோனைத் தொட்டால் வேலை போய்விடும் என்பது ஒன்று. லிஃப்டுக்குள்ளிருந்து யார் கத்தினாலும் தட்டினாலும் அது குழந்தைகளின் விஷமம், கண்டுகொள்ளக்கூடாது என்பது இரண்டாவது.

வருஷத்துக்கு ஒரு முறை லிஃப்டைச் சோதிக்க அதிகாரி வருவார். அன்றைக்கு மட்டும் பெட்டி திறக்கும், ஆபீஸ் திறக்கும். அதிகாரி கீழே நின்று ஹலோ என்பார், கஸ்தூரிரங்கன் மேலே நின்று ஹலோ என்பார், இருவரும் டீ குடிப்பார்கள், சான்றிதழ் வரும். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அதை ஆபீஸுக்குள் மாட்டிப் பூட்டினார்.

இப்படி எல்லாம் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்சவேணி எழுந்து நின்றாள்.

அம்சவேணி ஐந்தாவது மாடி. சேலத்துப் பெண். புருஷன் இராஜமாணிக்கம் விமானப்படையில், அப்போது அஸ்ஸாம் பக்கம் இருந்தான். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு போகவில்லை, அதுவும் நல்ல பேச்சு. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே தமிழும் புரிந்துகொள்வாள், இந்தியும் புரிந்துகொள்வாள். பான் மெல்லுகிறவர்களின் இந்தி மட்டும் கொஞ்சம் சிரமம். ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தாள். இப்போது வயிற்றில் பிள்ளை, ஏழாம் மாதம். மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தில்லியில் ஜூன் மாதத்துக் கரண்ட் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். நினைத்தபோது போகும். படி ஏறவும் முடியாமல், லிஃப்டில் ஏறவும் துணியாமல் அந்தப் பெண் நடுவில் நின்றாள்.

பொதுக்கூட்டத்தில் அவள் கேட்டது மூன்றே விஷயம். பெட்டியின் பூட்டை எடுத்துவிடவேண்டும். மறுமுனை டெலிபோனைப் பழையபடி சௌகிதாரிடம் கொடுக்கவேண்டும். அவன் அதைக் கையில் எடுத்ததும் லிஃப்டுக்குள் எரிகிறமாதிரி ஒரு சின்ன பல்பு வைக்கவேண்டும்.

"நான் கூப்பிட்டா யாராவது எடுத்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பல்பு எரிஞ்சா, சரி, ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு, வருவாங்கன்னு நிம்மதியா நிப்பேன்" என்றாள்.

கஸ்தூரிரங்கன் புன்னகை செய்தார். பிறகு தலையைப் பக்கத்தில் இருந்தவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "காது கேக்காதவாளுக்கு டெலிபோன் எதுக்கு ஓய்?" என்றார்.

நாலு பேர் சிரித்தார்கள். எந்தக் கூட்டத்திலும் இதற்கென்று நாலு பேர் இருப்பார்கள்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க சார்" என்றாள் அம்சவேணி.

அவர் திரும்பினார், ஆனால் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டம் பேசினார். "டெலிபோன் இருக்கணும்னு விதி. இருக்கு. பூட்டக்கூடாதுன்னு விதியில எங்கம்மா இருக்கு?"

கூட்டம் அதோடு கலைந்தது. விதி எழுதினவர்கள் பாவம், உயிரைக் காப்பாற்ற வைத்த சாமானை ஒரு மனிதன் பூட்டுவான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் கஸ்தூரிரங்கனைப் பார்த்ததில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் அம்சவேணி படியேறித்தான் வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு போவாள். மூன்றாவது மாடியில் உட்காரும்போது, அந்த மாடியில் குடியிருந்த கஸ்தூரிரங்கனின் மனைவி ராஜலக்ஷ்மி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். பானைத் தண்ணீர்தான், ஃபிரிட்ஜ் சாவி அவளிடம் கிடையாது. கஸ்தூரிரங்கன் அதையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, படிகளில் உட்கார்ந்து வழியை மறிக்கவேண்டாம் என்று ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டினார்.

அம்சவேணி நோட்டீஸைப் படித்தாள். வேறு வழி யோசித்தாள். அவள் ஆபீஸ் பஸ் வந்து இறக்கிவிடுகிற அதே வேளைக்குத்தான் கஸ்தூரிரங்கனும் கறிகாயும் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். பெட்டியைத் திறக்கிற சாவி அவர் மேல் இருக்கிறது. சாவி ஏறும்போது தானும் ஏறிக்கொண்டால் ஆயிற்று. ஆகவே அவள் தினமும் லிஃப்ட் வாசலில் அவருக்காகக் காத்து நின்று, அவர் வந்ததும் கூடவே ஏறினாள். அவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், அந்தப் பெண் இப்போது எவ்வளவோ பணிவாகிவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னார்.

ஒரு நாள் சாயங்காலம், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. கதவு மூடியபடி இருக்க, உள்ளே கும்மிருட்டு.

"வந்துடும்மா, இதோ வந்துடும்" என்றார் கஸ்தூரிரங்கன். சொன்ன பிறகுதான், இருட்டில் அவளுக்கு உதடு தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. ஆயுசில் முதல் தடவையாக அவர் சொன்ன சமாதானம் எதிரில் இருப்பவரைப் போய்ச் சேரவில்லை.

கரண்ட் வரவில்லை. இரும்புச் சுவர் சுட்டது. அம்சவேணிதான் பேசினாள். "பெட்டியைத் திறங்க சார்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பூணூலிலிருந்து கொத்தைக் கழற்றி, தடவித் தடவி ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். ஃபிரிட்ஜ் சாவி, டெலிவிஷன் சாவி, மணல் வாளிச் சாவி, மொட்டை மாடிச் சாவி. கடைசியில் ஒன்று திரும்பியது. டெலிபோனை எடுத்து அதிலிருந்த பொத்தானை அழுத்தினார். கீழே கணகணவென்று டெலிபோன் மணி அடித்தது. எவ்வளவு தெளிவாக அடித்தது தெரியுமா? வாங்கின நாள் முதல் வருஷத்துக்கு ஒரு ஹலோவைத் தவிர யாரும் தொடாத டெலிபோன் அல்லவா? அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பூட்டி வைத்ததால்தானே இப்படிப் புதுசு போல அடிக்கிறது?

அந்தப் பெருமை, அது எங்கே அடிக்கிறது என்று நினைவு வருகிறவரைதான் இருந்தது.

கீழே தன்சிங்கின் தடிச் சத்தம் கேட்டது. வந்தான், ஆபீஸ் வாசலில் நின்றான். உள்ளே மணி அடிக்கிறது, வெளியே பூட்டுத் தொங்குகிறது. தொட்டால் வேலை போய்விடும். தன்சிங் யோக்கியமான ஆள், பூட்டைக்கூடத் தொடவில்லை. கஸ்தூரிரங்கன் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். தானேதான், செக்ரட்டரிதான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று இந்தியில் அலறினார். ஆனால் அந்தக் கட்டடத்துக் குழந்தைகள் லிஃப்டில் போகும்போதெல்லாம் செக்ரட்டரியின் குரலில் பேசிக்காட்டுவது வழக்கம். அதுவும் நன்றாகவே பேசும். தன்சிங் கீழேயிருந்து பொறுமையாகப் பதில் சொன்னான்.

"சுப் ரஹோ, பச்சோ. செக்ரட்டரி சாப் ஆ ஜாயேங்கே."

சும்மா இருங்கள் குழந்தைகளே, செக்ரட்டரி வந்துவிடுவார். அவ்வளவு சொல்லிவிட்டு, டெலிபோன் அடிப்பதை அவரிடமே தெரிவித்துவிடலாம் என்று மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போனான். தங்கள் பக்கமாகவே அந்தத் தடி தட்டிக்கொண்டு மேலே போவதைக் கஸ்தூரிரங்கன் கேட்டார். வீட்டில் சாப் இல்லை என்று தெரிந்ததும் அதே தடி கீழே இறங்கிப் போவதையும் கேட்டார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் என்ன பிரயோசனம்?

கறிகாய்ப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெண்டைக்காய் நசுங்கியது.

இருட்டில் ஒரு கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. "சார், நீங்க பேசறது எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கறேன். ஆமான்னா ஒரு தரம் அழுத்துங்க, இல்லேன்னா ரெண்டு தரம். ஃபோன் அடிக்குதா?"

ஒரு தரம் அழுத்தினார்.

"யாராவது எடுத்தாங்களா?"

இரண்டு தரம்.

"ஆபீஸ் பூட்டியிருக்குதா?"

ஒரு தரம். அழுத்தம் மெதுவாக இருந்தது.

"அதோட சாவி யாருகிட்ட இருக்குதுங்க?"

இதற்கு ஒரு தரமும் அழுத்த முடியாது, இரண்டு தரமும் அழுத்த முடியாது. அவர் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்த சாவிக்கொத்தை உருவி, அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அம்சவேணி அதைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தடவினாள். "எல்லாச் சாவியும் நம்மகூட உள்ளயேதான் இருக்குதா?" என்றாள்.

ஒரு தரம் அழுத்தினார்.

அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு விதியைச் சொல்லியிருக்கலாம். அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வயிறு இழுத்துப் பிடிக்குதுங்க சார்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கஸ்தூரிரங்கனுக்கு உண்மையாகவே பயம் வந்தது. தன் உயிருக்கு வந்த பயம் இல்லை. அதை அவருடைய நல்ல கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கையில் இருந்த பத்திரிகையை மடித்து அவளுக்கு விசிறினார். விசிறிக்கொண்டே, பிறக்காத ஒரு குழந்தையிடம், வந்துடும், இதோ வந்துடும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர் யாரும் இல்லாத இடத்தில்தான் அந்த மனிதர் முதல் தடவையாக மனசார ஒரு வார்த்தை பேசினார்.

கரண்ட் வந்தது. மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. விஷமக் குழந்தைகளைப் பிடிக்க மறுபடியும் மேலே வந்து தடியோடு நின்ற தன்சிங், தடியைப் போட்டுவிட்டு சலாம் வைத்தான்.

ராஜலக்ஷ்மி ஓடிவந்து அம்சவேணியைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தாள். குளிர்ந்த தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜிடம் போனாள். அது பூட்டியிருந்தது. திரும்பி வந்து, சாவிக்காகப் புருஷனிடம் கையை நீட்டினாள். அம்சவேணி தன் கையை விரித்தாள். இத்தனை நேரமும் கெட்டியாகப் பிடித்திருந்ததில் சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது. ராஜலக்ஷ்மி அந்தத் தடத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஏன்னா, இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். கலியாணம் ஆன நாள் முதல் அவள் அவரிடம் கேட்காமல் எடுத்துக்கொண்ட முதல் பொருள் அதுதான்.

வலி பொய்வலி என்று டாக்டரம்மா சொன்னாள். மறுநாள் காலையில் ராஜலக்ஷ்மியே கீழே போய் ஆபீஸைத் திறந்தாள். டெலிபோன் தன்சிங்கின் கூண்டுக்குப் போனது, பெட்டியின் கதவே கழன்று வந்தது, எலெக்ட்ரிஷியன் வந்து பேட்டரியில் எரிகிற ஒரு சிவப்பு பல்பை லிஃப்டுக்குள் மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அம்சவேணி யாருக்காகவும் லிஃப்ட் வாசலில் காத்து நிற்கவில்லை. பிரசவத்துக்கும் அதில்தான் இறங்கிப் போனாள். பெண் குழந்தையோடு அதில்தான் ஏறி வந்தாள்.

கஸ்தூரிரங்கன் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். அந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் கேட்கிறீர்களே. அந்த வாரமே ஒரு நோட்டீஸ் ஒட்டினார். உறுப்பினர்களின் பாதுகாப்பைக் கருதிச் செயலாளர் நெடுநாள் யோசித்து இந்த ஏற்பாடுகளைச் செய்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் யாரோ பல்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கவலைப்பட்டு, அதன் மேல் ஒரு கம்பிக் கூண்டு போட்டு, கூண்டுக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டார். பல்பு எரிந்தால் கம்பி வழியாகத் தெரியும்; எரியாமல் போனால் மாற்ற முடியாது. சாவி எங்கே என்றால், பூணூலில். அந்த வெறும் ஊக்கில் மறுபடியும் ஒன்று சேர்ந்துவிட்டது. ஒன்றிலிருந்துதான் கொத்து ஆரம்பிக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சரி. உங்கள் வீட்டில் விருந்தாளிக்கு என்று எடுத்துவைத்த கண்ணாடித் தம்ளரில் எந்த விருந்தாளியாவது இதுவரை தண்ணீர் குடித்திருக்கிறாரா? உங்கள் ஆபீஸில் சுவரில் மாட்டியிருக்கிற முதலுதவிப் பெட்டியை யார் திறக்கவேண்டும்? அவர் இன்றைக்கு லீவா? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை இடுப்புப் பக்கம் போய் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததே, அது என்ன? எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அடுத்த தடவை லிஃப்டில் ஏறும்போது மட்டும் அதைக் கீழே யாரிடமாவது கொடுத்துவிட்டு ஏறுங்கள். நடுவில் நின்றுபோனால், உங்களுக்குத் திறந்துவிட வெளியே ஒருவர் இருக்கவேண்டும்.